ரெகே பாட்டில் வரும் சிறைக்கு முகவரி உண்டு

1966இல் ஜமைக்கா அரசு தன் சுதந்திர தின விழாவுக்காக முதல்முறையாக ஒரு பாட்டுப் போட்டி நடத்தியது. பரிசு பெற்ற பாட்டு 'பாம் பாம்'. பாடியது மேட்டல்ஸ் என்ற மூவர் குழு, அதன் முன்னணிக் குரல் டூட்ஸ் ஹிபர்ட். பரிசு வாங்கிய அதே ஆண்டில் கஞ்சா வழக்கில் பிடிபட்டு அவர் சிறைக்குப் போனார். வெளியே வந்து 1968இல் பதிவுசெய்த பாட்டுக்கு ஒரு கைதி எண்ணையே பெயராக வைத்தார்: '54-46 தட்ஸ் மை நம்பர்'. கையைத் தூக்கு, அடிபடாமல் தப்பலாம் என்று ஒரு போலீஸ் குரல் மிரட்டுவதோடு பாட்டு ஆரம்பிக்கிறது. கஞ்சாவைக் கையில் வைத்துக்கொண்டு போலீஸிடம் நானே போய் நீட்டுவேனா, எனக்கென்ன பைத்தியமா என்று பாடுகிறவர் வாதாடுகிறார். பிறகு அந்த எண் வருகிறது. அது என் எண்ணாக இருந்தது, இப்போது வேறொருவனிடம் இருக்கிறது என்கிறார். நடுவில் ஹிபர்ட் 'ஒன்று கொடு' என்றதும் வாத்தியங்கள் ஒரு அடி அடித்து நிற்கின்றன, 'இரண்டு' என்றதும் இரண்டு அடி. ஆடத் தூண்டும் பாட்டுதான். ஆனாலும் சிறையில் ஆள் எண்ணும் சத்தம் அதற்குள் கேட்கிறது.

ரெகே என்றால் கடற்கரை, சடைமுடி, பாப் மார்லி படம் போட்ட பனியன் என்று உலகம் பழகிவிட்டது. 'பாபிலோன்' (ஒடுக்கும் அரசும் போலீஸும்), 'சிறை', 'விலங்கு' ஆகிய சொற்கள் அந்தப் பாட்டுகளில் வரும்போது பொதுவான விடுதலை உருவகங்கள் என்றே எடுத்துக்கொள்கிறோம். அதில் பாதிதான் உண்மை. பல பாட்டுகளுக்குப் பின்னால் தேதியும் பிரிவு எண்ணும் கொண்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் பாட்டு வேறு மாதிரி கேட்கும்.

முதலில் கஞ்சா. ஜமைக்காவுக்கு அந்தச் செடியும் அதன் பெயரும் இந்தியாவிலிருந்து போன ஒப்பந்தக் கூலிகளோடு சென்றவை. முதல் கப்பல் 1845 மே மாதம் ஓல்டு ஹார்பர் விரிகுடாவில் ஆள் இறக்கியது. பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போன வட இந்தியர்கள், சென்னை வழியாகப் போனவர்களும் உண்டு. கரும்புத் தோட்டத்தில் அவர்களோடு வேலை செய்த கறுப்பின உழைப்பாளிகளிடம் பழக்கம் பரவியது. காலனி அரசு 1913இல் கஞ்சாவைத் தடை செய்தது. பின்னர் 1930களில் உருவான, எத்தியோப்பியப் பேரரசரைத் தெய்வமாகக் கொண்ட ரஸ்தஃபாரி சமயம் கஞ்சாவை வழிபாட்டுப் பொருளாக எடுத்துக்கொண்டது. அதன் முதல் போதகர்களில் ஒருவரான லெனார்டு ஹாவெல் 'கங்குங்குரு மராக்' என்று இந்திய வாடை அடிக்கும் புனைபெயர் வைத்துக்கொண்டவர். ராஜதுரோக வழக்கில் 1934இல் அவருக்கு இரண்டாண்டு சிறை கிடைத்தது. ரஸ்தஃபாரியின் வரலாறே ஒரு நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டித்தான் தொடங்குகிறது என்றால் மிகையில்லை.

சுதந்திரம் 1962 ஆகஸ்டில் வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், புனித வெள்ளியை ஒட்டி, மான்டேகோ பே அருகே கோரல் கார்டன்ஸில் நடந்த மோதலில் எட்டுப் பேர் இறந்தனர். அதைச் சாக்காக வைத்து மேற்கு ஜமைக்கா முழுவதும் ரஸ்தஃபாரிகளை போலீஸ் வளைத்துப் பிடித்தது. சம்பவத்தோடு சம்பந்தமே இல்லாதவர்களும் அடைக்கப்பட்டார்கள், பலருடைய சடையும் தாடியும் வெட்டப்பட்டன. அரசு இதற்கு மன்னிப்புக் கேட்டது 2017இல்தான். இந்தச் சூழலில்தான் 1964இல் கஞ்சா சட்டம் திருத்தப்பட்டது: கையில் வைத்திருந்த முதல் குற்றத்துக்கே குறைந்தது 18 மாதச் சிறை. அளவு எவ்வளவு, ஆள் யார் என்று பார்த்துத் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு வழி இல்லை. குறைந்தபட்சத் தண்டனை என்ற ஏற்பாட்டின் சூட்சுமம் இதுதான்: தீர்ப்பு நீதிமன்றத்திலிருந்து தெருவுக்கு இடம் மாறிவிடுகிறது. யாரை நிறுத்திச் சோதிப்பது என்று காவலர் முடிவு செய்யும்போதே பாதித் தண்டனை முடிவாகிவிடும். மேட்டுக்குடிப் பகுதியில் யாரையும் நிறுத்த மாட்டார்கள். தலைநகரின் ஏழைப் பகுதியான மேற்கு கிங்ஸ்டனில் நிறுத்தப்படாமல் வீடு போய்ச் சேருவதே கஷ்டம்.

ஹிபர்ட் மட்டும் இல்லை. பாப் மார்லி, பீட்டர் டாஷ் ஆகியோரோடு வெய்லர்ஸ் குழுவின் மூவரில் ஒருவரான பன்னி வெய்லர் 1967இல் இதே குற்றச்சாட்டில் உள்ளே போய் 1968 செப்டம்பரில்தான் வெளியே வந்தார். கிங்ஸ்டனின் ஜெனரல் பெனிடென்ஷியரியிலும், பிறகு ரிச்மண்ட் பண்ணைச் சிறையிலும் இருந்தார். 1976இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பத்தில் 'ஃபைட்டிங் அகெய்ன்ஸ்ட் கன்விக்‌ஷன்' என்ற பாட்டு அந்த நாள்களிலிருந்து பிறந்தது. அதை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள், குரலில் ஆத்திரமே இல்லை. கல்வி இல்லை, வேலை இல்லை, அதனால் குற்றம், அதனால் தண்டனை என்று ஒரு மனு வாசிப்பது போல வரிசைப்படுத்துகிறார்.

மேற்கு கிங்ஸ்டன் என்றால் என்ன? நிலமில்லாமல் கிராமங்களை விட்டு வந்தவர்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பலகை, தகரம், அட்டை கொண்டு எழுப்பிய குடியிருப்புகள். கூடவே ட்ரெஞ்ச் டவுனில் 1940களில் அரசு கட்டிய 'யார்டு'கள்: ஒரு முற்றம், சுற்றிலும் ஒற்றை அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலிடம், ஒரு குழாய், ஒரு கழிப்பிடம். ட்ரெஞ்ச் டவுனுக்கு அருகில் பேக்-ஓ-வால் என்றொரு குடிசைப்பகுதி இருந்தது. அரசு 1960களின் நடுவில் அதை புல்டோசர் விட்டு இடித்தது. அந்த இடத்தில் அமைச்சர் எட்வர்டு சியாகா டிவோலி கார்டன்ஸ் அடுக்குமாடிகளைக் கட்டினார், வீடுகள் அவருடைய கட்சிக்காரர்களுக்குப் போயின. எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தபோது அதுவும் தன் ஆட்களுக்கென்று இப்படியே கட்டியது. எந்தத் தெருவில் குடியிருக்கிறாய் என்பதே எந்தக் கட்சி என்பதற்கான அடையாளமானது. வீடும் வேலையும் அடியாட்களின் துப்பாக்கியும் ஒரே கையிலிருந்து வந்தன. 1966 அக்டோபரில் மேற்கு கிங்ஸ்டனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, ஊரடங்கும் வளைப்புச் சோதனையும் வழக்கமாயின.

வேலையில்லாத, கத்தி வைத்துத் திரிந்த இளைஞர்களுக்கு 'ரூட் பாய்' என்று பெயர். அவர்களை என்ன செய்வது என்று நாடு விவாதித்தபோது ஒரு வினோதம் நடந்தது: அந்த விவாதம் பாட்டுகளாகவே நடந்தது, அதுவும் நீதிமன்ற நாடகங்களாக. 1967இல் டெரிக் மார்கன் ஒரு பாட்டில் ரூட் பாய்களைக் கூண்டில் நிறுத்தினார். அவர்கள் பயப்படவில்லை, விடுதலையாகிப் போனார்கள். இதற்குப் பதிலாக பிரின்ஸ் பஸ்டர் 'ஜட்ஜ் ட்ரெட்' வெளியிட்டார். எத்தியோப்பியாவிலிருந்து வந்த நீதிபதி ஒருவர், ஏழைகளையே கொள்ளையடித்த குற்றத்துக்காக ஆளுக்கு 400 ஆண்டு என்று விதிக்கிறார். வாய் திறந்து கெஞ்சினால் அவமதிப்பு என்று மேலும் சில நூற்றாண்டுகள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு, கூடவே ஒரு திருப்தியும். ஏனென்றால் ரூட் பாய்களால் முதலில் அடிவாங்கியது அவர்களுடைய அண்டைவீட்டு ஏழைகள்தான்.

அதற்கு லீ பெர்ரி 'செட் தெம் ஃப்ரீ' என்று ஒரு பாட்டால் பதில் சொன்னார். இதில் பேசுவது வக்கீல். இவர்கள் ஏழைத் தலைமுறையில் பிறந்தவர்கள், படிப்பில்லை, தகுதிச் சான்று இல்லை, வேலை கிடைப்பதில்லை, அதனால்தான் திருடத் தள்ளப்படுகிறார்கள், விடுதலை செய்யுங்கள் என்று வாதம் போகிறது. ரெகே என்ற பெயரே வராத காலத்தில், மூன்று நிமிடத்துக்குள், பின்னாளில் ரெகே சொல்லப்போகும் முழு வாதமும் அங்கே வைக்கப்பட்டுவிட்டது. பிரின்ஸ் பஸ்டரும் கடைசியில் ஒரு பாட்டில் தன் கைதிகளையெல்லாம் விடுவித்து நீதிபதியை ஆடவைத்தார். எதிர்ப்பு இசை என்றால் ஒரே குரலில் முழங்குவது என்று நினைப்பவர்கள் இந்த வரிசையை அவசியம் கேட்க வேண்டும். எளியவர்கள் தங்களுக்குள்ளேயே இரு தரப்பாகப் பிரிந்து வழக்காடிய பதிவு இது.

இத்தனை சொற்களைத் தாங்குவதற்கு இசை மாற வேண்டியிருந்தது. 1960களின் தொடக்கத்து ஸ்கா வேகமான ஆட்ட இசை, ஊதுகருவிகள் முன்னால் நிற்கும். 1966 வாக்கில் வேகம் குறைந்து ராக்ஸ்டெடி வந்தது. அந்தக் கோடை கடும் வெயில், ஆட முடியவில்லை, அதனால்தான் இசை மெதுவானது என்று ஜமைக்காவில் ஒரு கதை உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஊதுகருவிக் குழுவுக்குக் கூலி கொடுப்பதை விட மூன்று பாடகர்களையும் ஒரு பேஸ் கிட்டாரையும் வைத்துப் பதிவது மலிவு என்பதையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் பொருந்தும். 1968இல் அது ரெகே ஆயிற்று. அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்த முதல் பாட்டுகளில் ஒன்றும் மேட்டல்ஸுடையதுதான்.

ரெகேயின் அடிப்படைத் தாளத்துக்கு 'ஒன் டிராப்' என்று பெயர். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள், நிமிடத்துக்கு 140 எண்ணிக்கை வரும் வேகத்தில். ராக், ஃபங்க் இசையில் காலால் மிதிக்கும் பெரிய ட்ரம்மின் அடி 'ஒன்று' என்ற எண்ணிக்கையில் விழும். இங்கே ஒன்று காலி. மிதியும், ஸ்னேர் ட்ரம்மின் விளிம்பில் குச்சி படும் சத்தமும் சேர்ந்து மூன்றில் விழுகின்றன. இரண்டிலும் நான்கிலும் கிட்டார் ஒரு வெட்டு வெட்டி உடனே அடங்க வேண்டும். இடது கை விரல்களை அழுத்திய இடத்திலேயே தளர்த்தினால்தான் அந்த அடக்கம் வரும். ஆர்கன், கிட்டாரின் வெட்டுக்கு அரை எண்ணிக்கை முன்னும் பின்னும் இடது கையால் குமிழியிடும். பேஸ் கிட்டார்தான் மெட்டைத் தூக்குவது, அதனுடைய மௌனங்களும் மெட்டின் பகுதி. வெய்லர்ஸில் ட்ரம்ஸ் வாசித்த கார்ல்டன் பாரட், பேஸ் வாசித்த ஆஸ்டன் பாரட் சகோதரர்களைக் கேட்டால் இது புரியும்.

வேறு ஊர்க் குழுக்கள் ரெகே வாசிக்கும்போது கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ட்ரம்ஸ்காரர் பழக்க தோஷத்தில் ஒன்றை மிதித்துவிடுவார், உடனே இசை நடைபோட ஆரம்பித்துவிடும். கிட்டார்க் கம்பிகள் தேவைக்கு மேல் ஒலித்துக்கொண்டே இருக்கும். பேஸ் வாசிப்பவர் இடைவெளியைக் கண்டு பொறுக்காமல் நிரப்பிவிடுவார். அந்தக் காலி இடம் பாடுகிறவருக்கு. ஒன்றாம் எண்ணிக்கையில் பெரிய சத்தம் எதுவும் இல்லாததால் சொல் தெளிவாக வந்து விழுகிறது. மெதுவான, சாட்சி சொல்கிற தோரணை ரெகே பாடகர்களுக்கு அமைந்ததில் இந்தத் தாளத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பாட்டு மக்களிடம் போன வழியும் முக்கியம். தீவில் இரண்டே வானொலி நிலையங்கள், அதில் ஒன்று அரசுடையது. போலீஸையோ அமைச்சரையோ சீண்டும் பாட்டு அங்கே ஒலிப்பது அரிது. ஏழைகளின் வானொலி சவுண்ட் சிஸ்டம்தான்: ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள், ஆம்ப்ளிஃபயர், ஒரு டர்ன்டேபிள், இவற்றை லாரியில் ஏற்றிவந்து திறந்தவெளியில் இறக்கி, நுழைவுக் கட்டணம் வாங்கி இரவெல்லாம் நடத்தும் ஆட்டம். புதுப் பாட்டு கடைக்கு வருவதற்கு முன்பே 'டப்பிளேட்' என்னும் அரக்குப் பூச்சுத் தட்டில் வெட்டப்பட்டு இங்கே ஒலிக்கும். அந்தத் தட்டு மென்மையானது, சில பத்து முறை ஓட்டினாலே உச்ச ஒலிகள் தேய்ந்துவிடும். அதனால் செய்தி சூடாக இருக்கும்போதே பாட்டு வந்தாக வேண்டும். தட்டின் மறுபக்கத்தில் குரல் நீக்கிய 'வெர்ஷன்' இருக்கும். அதன்மேல் மைக் பிடித்தவர் அன்றைய வளைப்பு, அன்றைய சாவு என்று பேசிச் செல்வார். கிங் டப்பி போன்ற ஒலிப்பொறியாளர்கள் அதையே மேலும் உடைத்து டப் ஆக்கினார்கள். பாதி வாக்கியத்தில் குரல் அறுந்து எதிரொலியாகப் போய்விடும், பேஸ் மட்டும் நிற்கும்.

ஒரே தாளக்கட்டு, அவர்கள் மொழியில் 'ரிதிம்', பல பாட்டுகளுக்குக் கைமாறும். 1973இல் வின்ஸ்டன் ரைலி தயாரித்த ஒரு ரிதிமுக்கு ஜெர்மானியப் போர்க்கைதி முகாமின் பெயர்: ஸ்டாலாக். அதன்மேல்தான் 1982இல் சிஸ்டர் நான்சி, ஹிபர்ட்டின் பழைய 'பாம் பாம்' பல்லவியை எடுத்துத் தன் பாட்டைப் பாடினார்.

எதிர்ப்பைப் பாடியவர்கள் எதிர்ப்பின் விலையையும் கொடுத்தார்கள், இசைத் தொழிலுக்குள்ளேயே. பாடகருக்கு ஒரு பாட்டுக்கு ஒரு தொகை, அத்தோடு சரி. ராயல்டி கேட்டால் வாசலில் அடுத்த பையன் காத்திருப்பான். 1993இல் புதிய சட்டம் வரும்வரை நடைமுறையில் இருந்தது 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டம், அதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. 1972இல் வந்த 'தி ஹார்டர் தே கம்' படத்தின் நாயகன் கிராமத்திலிருந்து பாடகனாக வருகிறான், 20 டாலருக்குப் பாட்டை எழுதிக் கொடுக்கிறான், பிறகு கஞ்சா வியாபாரத்துக்கும் துப்பாக்கிக்கும் போய்ச் சேருகிறான். 1948இல் சிறையிலிருந்து தப்பி போலீஸால் சுட்டுக்கொல்லப்பட்ட ஒரு நிஜ மனிதனின் கதையைத் தழுவியது அது. ஏழ்மை, இசை, சிறை மூன்றும் பக்கத்துப் பக்கத்துக் கதவுகள் என்று அந்தப் படம் காட்டியதை கிங்ஸ்டன் மக்கள் அரங்கை முற்றுகையிட்டுப் பார்த்தார்கள்.

அதே 1972இல் தேர்தல். எதிர்க்கட்சித் தலைவர் மைக்கேல் மேன்லியின் கட்சி டெல்ராய் வில்சனின் 'பெட்டர் மஸ்ட் கம்' பாட்டைப் பிரச்சாரப் பாட்டாக்கியது. மேன்லி எத்தியோப்பியப் பேரரசர் தந்த கைத்தடியை ஏந்தி மேடையேறினார், ரெகே பாடகர்கள் கூடவே ஊர் ஊராகப் போனார்கள். வென்றதும் கஞ்சாவுக்கான கட்டாயச் சிறை நீக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் அதே அரசு துப்பாக்கி நீதிமன்றச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால், ஒரு தோட்டா வைத்திருந்தால்கூட, ஜூரி இல்லாமல், பார்வையாளர் இல்லாமல் விசாரணை. தண்டனை கடின உழைப்போடு காலவரையற்ற சிறை, எப்போது விடுவது என்பதை ஒரு மறுஆய்வு வாரியம் தீர்மானிக்கும். நீதிமன்றமும் சிறையும் ஒரே வளாகத்தில், கிங்ஸ்டன் சவுத் கேம்ப் சாலையில், சிவப்பு வண்ணம் அடித்த முள்கம்பிக்குள் இருந்தன. கூடவே வந்த குற்ற ஒடுக்கச் சட்டம், ஒரு பகுதியையே வளைத்துப் பிடியாணை இல்லாமல் வீடு புகுந்து சோதிக்கவும் கைது செய்யவும் அதிகாரம் கொடுத்தது. அது 1990களின் முற்பகுதிவரை உயிரோடு இருந்தது.

லண்டனின் பிரிவி கவுன்சில்தான் ஜமைக்காவின் இறுதி நீதிமன்றம், இன்றும் அப்படியே. 1975 டிசம்பரில் அது ஒரு தீர்ப்புச் சொன்னது: தண்டனைக் காலத்தை நீதிபதிகள் பெரும்பான்மையாக இல்லாத வாரியம் முடிவு செய்வது அரசியல் சாசனத்துக்கு முரண். அரசு சளைக்கவில்லை. காலவரையற்ற சிறையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆயுள் தண்டனையை வைத்தது. வழக்கில் வென்றவர்களுக்கு வெற்றியால் என்ன லாபம் என்று புரியாத நிலை. 1976 ஜூனில் மீண்டும் நெருக்கடி நிலை, நூற்றுக்கணக்கானோர் விசாரணையின்றி ராணுவ முகாமில். அந்த ஆண்டுகளின் பாட்டுகளை இந்தப் பின்னணியில் வையுங்கள்: ஜூனியர் மர்வினின் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்', மேக்ஸ் ரோமியோவின் 'வார் இனா பாபிலோன்', போலீஸிடம் அடிபட்ட பின் பீட்டர் டாஷ் வெளியிட்ட 'மார்க் ஆஃப் தி பீஸ்ட்'. மார்லியின் 'பர்னின் அண்ட் லூட்டின்' 1973லேயே வந்துவிட்டது. காலையில் கண் விழித்தால் ஊரடங்கு, சுற்றிலும் சீருடை, நானும் ஒரு கைதி என்று தொடங்கும் அந்தப் பாட்டை வரப்போகும் சட்டத்தின் முன்னறிவிப்பு என்று சிலர் வியப்பார்கள். முன்னறிவிப்பெல்லாம் ஒன்றுமில்லை. 1966இலேயே பழகிப்போன காலை அது. சட்டம்தான் பின்னால் வந்து அதற்கு முத்திரை குத்தியது.

1978 ஜனவரியில் கிரீன் பே என்ற கடற்கரை ராணுவப் பயிற்சித் திடலுக்கு ஆசைகாட்டி அழைத்துச் செல்லப்பட்ட ஐந்து இளைஞர்களை ராணுவம் சுட்டுக் கொன்றது. அதே மாதத்தில் இரண்டு கட்சிகளின் தெருத் தலைவர்களான கிளாடி மாசப், பக்கி மார்ஷல் இருவரும் சமாதானம் அறிவித்தார்கள். எதிரெதிர் முகாம்காரர்களான அவர்கள் மனம்விட்டுப் பேசியது சிறையில் ஒன்றாக அடைபட்டிருந்தபோது. அந்தச் சமாதானத்துக்காக ஏப்ரல் 22 அன்று தேசிய விளையாட்டரங்கில் நடந்த கச்சேரியில் மார்லி, பிரதமர் மேன்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் சியாகாவையும் மேடைக்கு அழைத்துக் கைகோக்க வைத்தார். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தப் புகைப்படத்தை. எனக்கு அதைவிடக் கனமாகப் படுவது அதே மேடையில் டாஷ் செய்தது. இரண்டு தலைவர்களும் முன்வரிசையில் இருக்க, பாட்டை நிறுத்திவிட்டு, கஞ்சா புகைத்தபடி, போலீஸ் அடியைப் பற்றியும் ஏழைகள் மீதான சட்டங்களைப் பற்றியும் நெடுநேரம் பேசினார். சமாதானம் வேண்டாம், சம உரிமையும் நீதியும் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் பல்லவி. செப்டம்பரில் கிங்ஸ்டன் தெருவில் அவரைப் பிடித்த போலீஸ் காவல் நிலையத்தில் அடித்துக் கையை முறித்தது. மாசப் 1979 பிப்ரவரியில் போலீஸால் சுட்டுக்கொல்லப்பட்டார். 1980 தேர்தல் ஆண்டில் தீவில் கொலையுண்டவர்கள் 800க்கும் மேல். கச்சேரி எதையும் நிறுத்திவிடவில்லை.

பிரிட்டனுக்கு இந்த இசை குடியேறியவர்களோடு போனது. அங்கே அதற்கு வேறொரு சட்டம் காத்திருந்தது: 1824ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பேச்சு வழக்கில் 'சஸ்'. குற்றம் செய்யும் நோக்கத்தோடு திரிந்ததாகச் சந்தேகம் என்றால் போதும். பறிகொடுத்தவர் யாரும் தேவையில்லை, ஜூரி கிடையாது, இரண்டு காவலர்களின் சாட்சியமே போதுமானது. நெப்போலியன் போர்களுக்குப் பிறகு தெருவில் அலைந்த ஏழைச் சிப்பாய்களை அடைக்கப் போட்ட சட்டம், 150 ஆண்டு கழித்துக் கறுப்பின இளைஞர்களைப் பிடிக்கப் பயன்பட்டது. லண்டன் கவிஞர் லிண்டன் க்வேசி ஜான்சன் 1979இல் பதிவுசெய்த 'சன்னிஸ் லெட்டா' பிரிக்ஸ்டன் சிறையிலிருந்து ஒரு மகன் தாய்க்கு எழுதும் கடிதம். பேருந்துக்குக் காத்திருந்த தம்பியைப் போலீஸ் இழுக்கிறது. சும்மா நிற்க முடியாமல் அண்ணன் குறுக்கே பாய்கிறான், ஒரு காவலர் இறக்கிறார். தம்பி மேல் சஸ் வழக்கு, அண்ணன் மேல் கொலை வழக்கு. அம்மா மனம் தளராதே என்று கடிதம் முடிகிறது. டென்னிஸ் போவெல்லின் இசை குரலை ஒருபோதும் முந்துவதில்லை.

சஸ் பிரிவு 1981இல் நீக்கப்பட்டது. அதைப் பாட்டு நீக்கியது என்று சொன்னால் ஆண்டுக்கணக்கில் இயக்கம் நடத்தியவர்களுக்கு, குறிப்பாகக் கறுப்பினத் தாய்மார்களுக்கு, அநியாயம் செய்வதாகும். நீக்கத்துக்குச் சில மாதம் முன் ஏப்ரலில் பிரிக்ஸ்டன் எரிந்தது. அதற்கு முந்தைய நாள்களில் போலீஸ் நடத்திய 'ஸ்வாம்ப் 81' நடவடிக்கையில் நிறுத்திச் சோதிக்கப்பட்டவர்கள் 943 பேர்.

இங்கிலாந்துக் கதையில் ஒரு முரண். போலீஸைச் சுட்டேன் என்று எழுதினால் அரசு சும்மா விடாது, அதனால் ஷெரிஃப் என்று மாற்றினேன் என்று மார்லி சொன்ன 'ஐ ஷாட் தி ஷெரிஃப்' பாட்டை 1974இல் எரிக் கிளாப்டன் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். அதே கிளாப்டன் 1976இல் பர்மிங்ஹாம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். அந்தப் பேச்சுக்கு எதிர்வினையாகப் பிறந்த 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கத்தின் மேடைகளில் பங்க் குழுக்களோடு ஸ்டீல் பல்ஸ் போன்ற ரெகே குழுக்களும் ஏறின.

ஆப்பிரிக்காவில் இந்த இசை மேலும் நேரடியானது. ஐவரி கோஸ்ட்டின் ஆல்ஃபா பிளாண்டி 1982இல் அபிஜான் நகர போலீஸ் வளைப்பில் தான் அடிபட்டதைப் பாட்டாக்கினார். தென்னாப்பிரிக்காவின் லக்கி டூபே நிறவெறி ஆட்சியின் இறுதி ஆண்டுகளில், 1989இல், 'பிரிசனர்' வெளியிட்டார். இனிமேல் பள்ளிக்கூடம் கட்டப்போவதில்லை, ஆஸ்பத்திரி கட்டப்போவதில்லை, கட்டுவதெல்லாம் சிறைதான் என்று அதில் கேட்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஏழை ஆணின் சிறைவாசத்தை இவ்வளவு நுட்பமாகப் பாடிய இசை, அவன் உள்ளே இருக்கும் ஆண்டுகளில் வீட்டை ஓட்டிய பெண்ணை 'அழாதே' என்பதற்கு மேல் அதிகம் பாடவில்லை. ஜூடி மோவாட்டின் 1979 ஆல்பம் போன்ற விதிவிலக்குகளைத் தேடித்தான் போக வேண்டும். சிறைப் பாட்டு என்றாலே அநீதியின் சாட்சி என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்திலும் ஆபத்து உண்டு. வன்புணர்வு வழக்கில் தண்டனை பெற்ற ஜா க்யூர் உள்ளிருந்தபடியே பதிவுசெய்த பாட்டுகள் 2000களில் பெரும் வரவேற்பைப் பெற்றன. அவர் குற்றத்தை மறுத்தார். கேட்டவர்களில் பலர் வழக்கைப் பற்றி யோசிக்கவே இல்லை, ஹிபர்ட் காலத்து அனுதாபத்தை அப்படியே எடுத்து மாட்டிவிட்டார்கள்.

2015 ஏப்ரலில் ஜமைக்கா சட்டத்தைத் திருத்தியது. இரண்டு அவுன்ஸ், அதாவது சுமார் 56 கிராம் வரை கஞ்சா வைத்திருந்தால் கைது இல்லை, போக்குவரத்து அபராதம் போல 500 ஜமைக்கா டாலர் சீட்டு மட்டும். வீட்டுக்கு ஐந்து செடி வளர்க்கலாம், ரஸ்தஃபாரிகள் வழிபாட்டில் பயன்படுத்தலாம். சிறு அளவுக்காகப் பெற்ற பழைய தண்டனைகளைப் பதிவேட்டிலிருந்து நீக்க அதற்கு முந்தைய ஆண்டே வழி செய்யப்பட்டது. ஆனால் வணிகமாகப் பயிரிட உரிமம் வேண்டும். உரிமத்துக்குக் கட்டணம், வேலி, கண்காணிப்பு, நிலப் பத்திரம் எல்லாம் வேண்டும். பத்திரமில்லாத மலைச்சரிவில் தலைமுறையாகப் பயிரிட்டு, அதற்காகவே சிறை சென்ற விவசாயிக்கு இவற்றில் ஒன்றுகூடக் கைக்கு எட்டாது.

பன்னி வெய்லர் இருந்த ஜெனரல் பெனிடென்ஷியரி, டவர் ஸ்ட்ரீட் சீர்திருத்த மையம் என்று பெயர் மாறி இன்றும் இயங்குகிறது. 850 பேருக்கான இடத்தில் அதைப் போல இரு மடங்கு ஆட்கள் இருந்த காலங்கள் உண்டு. 2015 செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன் கிங்ஸ்டனுக்கு வந்தார். அடிமை முறைக்கான இழப்பீடு பற்றிய கேள்விகளைத் தவிர்த்துவிட்டு, புதுச் சிறை ஒன்று கட்ட இரண்டரைக் கோடி பவுண்டு தருவதாக அறிவித்தார். 1,500 பேர் அடைக்கும் அளவு, அதில் பிரிட்டிஷ் சிறைகளில் இருக்கும் 300க்கும் மேற்பட்ட ஜமைக்கர்களை அனுப்பி வைக்கலாம் என்பது ஏற்பாடு. 2017இல் ஜமைக்கா அதை ஏற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டது.